மூன்றாவது பொத்தானில் என் விரல்

அந்த விரல் அடையாளம் என்னுடையது.

ஆரையம்பதியில் ஒரு வீட்டின் நடு அறையில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், ஒரு பட்டாளச் சட்டை தொங்குகிறது. அதில் ஐந்து பித்தளைப் பொத்தான்கள். மேலிருந்து மூன்றாவதில், பச்சை பூத்த ஒரு பெருவிரல் ரேகை இருக்கிறது. அந்த வீட்டார் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். செத்துப்போன சீனித்தம்பியின் விரல் என்று நம்புகிறார்கள். இல்லை... இல்லவே இல்லை! நான் வைத்த விரல் அது. வேண்டுமென்றே வைத்தது.

சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டுப் பிறகு என்னைத் திட்டுங்கள். பாதியில் திட்டினால் குறைவாகத் திட்டிவிடுவீர்கள் என்பதுதான் என் பயம்.

நான் மட்டக்களப்பு நகரத்துப் பறங்கி, போர்த்துக்கீசர் வழி வந்தவன். பெயர் அந்தோனி. தகப்பன் தச்சுவேலை. யுத்தம் தொடங்கி, ஜப்பான்காரன் இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று ஊரே கடலைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், நானும் தொண்டர் பட்டாளத்தில் சேர்ந்தேன். கல்லடிப் பக்கம், வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தென்னந்தோட்டத்தில் எங்கள் முகாம் இருந்தது. அங்கேதான் சீனித்தம்பி எனக்குச் சோடியானான்.

சோடி என்றால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் என் குற்றம் உங்களுக்கு விளங்காது.

ஒவ்வொரு நாளும் மாலையில் எங்கள் முகாமில் காவல் மாற்றும் அணிவகுப்பு நடக்கும். காவலுக்கு வேண்டியவர்கள் ஆறு பேர். ஆனால் ஏழு பேரை நிறுத்துவார்கள். வெள்ளைக்காரக் கப்டன் துரை ஒவ்வொருவராகத் தொப்பியிலிருந்து சப்பாத்து வரைக்கும் பார்ப்பார். ஏழு பேரில் யார் மிகத் துப்புரவோ அவனுக்கு வெள்ளிப்பூண் போட்ட ஒரு பிரம்பு கிடைக்கும். பிரம்பு எடுத்தவனுக்கு அன்று காவல் இல்லை. விடியும்வரை வெளியே போக அனுமதிச் சீட்டும் உண்டு. மற்ற ஆறு பேரும் தோணியேறி, வாவி கடலில் விழும் முகத்துவாரத்து மணல் திட்டில் இருந்த காவல் குடிலுக்குப் போக வேண்டும்.

உலகம் பற்றி எரிகிறது, இவர்கள் பொத்தான் பார்க்கிறார்களா என்று சிரிக்கிறீர்களா? நாங்களும் முதலில் சிரித்தோம். பிறகு அந்தப் பிரம்புக்காக ஒருவரை ஒருவர் மென்று தின்னப் பார்த்தோம்!

உடுத்தி முடித்தவன் நடக்கக்கூடாது, நடந்தால் மடிப்புக் குலையும், சப்பாத்தில் மணல் ஏறும். ஆகவே அறைக்காரர்கள் எங்கள் ஏழு பேரையும் பலகையில் நிற்கவைத்தே தூக்கிக்கொண்டு தென்னைகளுக்கு ஊடாக நடப்பார்கள். கை அசையாது, கழுத்துத் திரும்பாது. ஒருநாள் அந்த வழியாய்ப் பால் கொண்டுவந்த கிழவி எங்களைக் கண்டு, செம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். “பிணங்கள நிக்கவெச்சுத் தூக்கிற்றுப் போறானுகள்!” என்று அவள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

மைதானத்து ஓரத்தில் இறக்கியதும் சோடியின் வேலை. உடுத்தி விறைத்து நிற்பவன் குனிந்து தன்னைப் பார்க்க முடியாது. அவனுடைய சோடிதான் அவனுக்குக் கண்ணாடி. உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்து, தூசியைத் தட்டி, “சரி” என்று சொல்ல வேண்டும். சோடி சரி என்றால் சரி. அதற்கு மேல் யாரும் சந்தேகப்படுவதில்லை. அதுதான் அந்தப் பட்டாளத்தின் வழக்கம்.

சீனித்தம்பியின் கண்ணாடி நான்.

அவனைப்போல் ஒரு துப்புரவுக்காரனை நான் பிறகும் கண்டதில்லை. பழப்புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளையைத் துலக்கி, மென்துணியால் ஒற்றி, மூச்சுவிட்டுப் பார்த்து, மறுபடியும் ஒற்றுவான். அவனும் நானும் வரிசையில் நின்ற நாட்களில் எல்லாம் பிரம்பு அவனுக்கே போனது. எனக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. ஒருநாள்கூட! ஒவ்வொரு முறையும் நான்தான் அவனைத் தட்டிச் சரிபார்த்து அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் கூடச் சிரித்தேன்.

பொறாமையா? ஆம், பொறாமைதான். மணல் திட்டில் தண்ணீருக்குப் பயந்தேன் என்று எழுதினால் நீங்கள் கொஞ்சம் இரங்குவீர்கள். பயமும் இருந்தது, மாரி மழை இறங்கி வாவி பொங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆனால் பயத்தை முன்னே நிறுத்தி அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நான் இதை எழுதவில்லை. அந்தப் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் தெருவில் ஒருமுறை நடக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. இவ்வளவு அற்பமான ஆசைக்கா? ஆமாம், இவ்வளவு அற்பமான ஆசைக்கு.

அன்றைய நிலையையும் கேளுங்கள். சீனித்தம்பியின் மனைவி பூரணம் ஆரையம்பதியில் தன் தாய்வீட்டில் பெண்குழந்தை பெற்றிருந்தாள். ஜப்பான் பயத்தால் எல்லோருக்கும் விடுமுறை நின்றுபோயிருந்தது. வரிசையில் நிற்கும் முறையும் பிள்ளை பிறந்த பிறகு அன்றைக்குத்தான் முதல்முதலாக அவனுக்கு வந்தது. மூன்று மைல் கட்டை தூரத்தில் இருந்த பிள்ளையை அவன் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மறுநாள் பிள்ளை பிறந்து முப்பத்தொன்று, துடக்கு என்கிற பிறப்புத் தீட்டுக் கழிக்கும் நாள். வெளியே போக ஒரே வழி அந்தப் பிரம்புதான்.

“இண்டைக்குப் பிரம்பெடுத்தனெண்டால் விடியக்குள்ள போய்ப் புள்ளையப் பாத்திற்று வந்திருவன் மச்சான்” என்றான் காலையில். “சைக்கிள் ஒண்டு சொல்லி வெச்சிரிக்கன். வடிவா என்னைப் பாத்து விடு. ஒரு புள்ளி இரிக்கக்கூடாது.”

“நீ யோசியாத மனே. நான் இரிக்கன்தானே!” என்றேன்.

நான் இரிக்கன்தானே... அப்படித்தான் சொன்னேன்.

மத்தியானம் சோற்றோடு தின்ன என் தாய் கொடுத்தனுப்பிய தேசிக்காய் என்கிற எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல் பெட்டிக்குள் இருந்தது. உடுத்து முடித்த பிறகு, பலகையில் ஏறுவதற்கு முன், வலது பெருவிரலை அந்தப் போத்தலுக்குள் விட்டேன். உப்பும் புளிப்பும் மஞ்சளும் எண்ணெயும் விரலில் பிடித்தன. கையைப் பொத்திக்கொண்டு பலகையில் ஏறி நின்றேன். தென்னைகளுக்கு ஊடாக என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வழி நெடுக நான் என்ன நினைத்தேன்? துடைத்துவிடலாம் என்று ஒரு தரம்கூட நினைக்கவில்லை... பிணத்துக்கு நினைப்பு ஏது?

மைதான ஓரத்தில் அவன் விறைத்து நின்றான். கண் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது. தொப்பியைப் பார்த்தேன். தோளைத் தட்டினேன். வார்ப்பட்டியை நேராக்கினேன். பிறகு, பொத்தானைச் சரிசெய்கிறவன் போல, மூன்றாவது பொத்தானில் என் பெருவிரலை வைத்து அழுத்தினேன்.

“சரி மச்சான்” என்றேன்.

கப்டன் துரை வந்தார். அவன் முன்னால் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றார். பிரம்பின் வெள்ளிப்பூணால் மூன்றாவது பொத்தானை ஒருமுறை தட்டினார். டிக் என்றது. அடுத்தவனுக்கு நகர்ந்தார். கடைசியில் அந்தப் பிரம்பை என்னிடம் நீட்டினார்.

கலைந்து போகச் சொன்ன பிறகுதான் சீனித்தம்பி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் முகத்தை அல்ல... பிரம்பைப் பிடித்திருந்த என் வலது கையை. பெருவிரல் மஞ்சளாய் இருந்தது.

அவன் கத்தியிருந்தால்! ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்! இந்தக் கணக்கு அன்றே தீர்ந்திருக்கும். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

“சரி, நீ போ மச்சான். அந்தச் சைக்கிள எடுத்திற்று ஆரையம்பதிக்குப் போ. என்ட புள்ளையப் பாத்திற்று விடியத் தோணித் துறைக்கு வா. ஆரைப் போல இரிக்கெண்டு எனக்கிட்டச் சொல்லு.”

“ஓம்” என்றேன்.

ஆறு பேரும் தோணியில் ஏறினார்கள். மழை தூறத் தொடங்கியது. அவன் தோணியில் திரும்பி உட்கார்ந்து கரையைப் பார்த்தபடியே போனான். கையை ஆட்டினானா, ஆட்டவில்லையா... அது மட்டும் எனக்கு நினைவில் வரமாட்டேன் என்கிறது.

நான் போனேன். எங்கள் தெருவில் பிரம்போடு நடக்கவில்லை, அந்த ஆசை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. காத்தான்குடியில் ஒரு கடையில் குழந்தைக்குப் பூப்போட்ட சீத்தைத் துணி வாங்கிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரையம்பதி போய்ச் சேர்ந்தேன்.

பூரணம் வாசலுக்கு ஓடிவந்தாள். எனக்குப் பின்னால் இருட்டைப் பார்த்தாள்.

“அவர் வரல்லையா அண்ணன்?”

“காவல் விழுந்திற்று புள்ள. நாளைக்கு வருவான்.”

குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். சிவப்பாய், சுருங்கிய முகம், சீனித்தம்பியின் அகன்ற நெற்றி. கண்ணைத் திறக்காமலே கையைத் துழாவி என் வலது பெருவிரலைப் பிடித்துக்கொண்டது. அப்பா, என்ன பிடி! ஊறுகாய் மஞ்சள் இன்னும் போகாத விரல். நான் இழுத்தேன், அது விடவில்லை. பூரணத்தின் தாய் சிரித்தாள். “தேப்பன்ட கையெண்டு நினைச்சிற்றுப் போல” என்றாள்.

விடிகாலை மழையில் நனைந்தபடி தோணித் துறைக்குப் போனேன். ‘உன்னைப் போலத்தான் மச்சான், நெத்தியெல்லாம் நீதான்’ என்ற சொல்லை வழி முழுக்க வாயில் வைத்துக்கொண்டு போனேன்.

துறையில் ஐந்து பேர் நின்றார்கள்.

இரவு முகத்துவாரம் உடைத்துக்கொண்டது. மாரியில் வாவி நிறைந்தால் மணல் திட்டு தானாக அறுத்துக்கொள்ளும், எங்கள் பகுதிக்காரருக்கு அது புதினமில்லை. ஆனால் அந்த வருடம் அது இத்தனை வெள்ளன உடையும் என்று யாரும் நினைக்கவில்லை. காவல் நின்றவன் சீனித்தம்பி. திட்டின் அந்தலையில், தண்ணீர் ஓரக் கடைசியில் நின்றிருக்கிறான். குடிலில் படுத்திருந்த ஐந்து பேரும் தோணியைப் பிடித்துத் தப்பினார்கள். அவன் நின்ற மணலோடு அவனையும் வாவி கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்று முழுவதும் வாவி ஒரே பக்கமாக ஓடியது. வைக்கோல் போனது, ஒரு செத்த எருமை போனது, யாருடையதோ வேலிக் கதவு போனது. அவன் மட்டும் அகப்படவில்லை. ஒரு கிழமை, ஏழு நாளும் தேடியும் அகப்படவில்லை.

அகப்பட்டது அவனுடைய சட்டை. நல்ல சட்டை மழையில் பழுதாகிவிடும் என்று கழற்றி மடித்து, தொப்பியோடு தோணிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பழைய மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு காவலுக்குப் போயிருக்கிறான். தப்பி வந்தவர்களில் ஒருவன் என்னிடம் சொன்னான்: “மடிக்கக்குள்ள நான் சொன்னன், மூணாவது தெறியில என்னமோ பிரண்டு கிடக்கு, துடைச்சிர்றா எண்டு. அவன் கேக்கல்ல. ‘அது இரிக்கட்டும்’ எண்டான்.”

தெறி என்றால் எங்கள் ஊரில் பொத்தான்.

அது இரிக்கட்டும்! ஒரு தூசி பொறுக்காதவன், மூச்சுப் பட்ட மங்கலைக்கூடத் துடைக்கிறவன், அதை ஏன் அப்படியே விட்டான்? எனக்கு எதிராகச் சாட்சியாக வைத்தானா? மறுநாள் என் கண் முன்னே காட்டித் துடைக்க நினைத்தானா? அல்லது இரண்டும் இல்லாமல் வெறுமனே சலித்துப் போனானா? நான் யாரிடம் கேட்பேன்... சொல்லுங்கள், யாரிடம்?

உடல் இல்லாமலே மரண அணிவகுப்பு நடந்தது. சட்டையையும் தொப்பியையும் ஒரு பலகையில் வைத்துக் கொண்டுபோவது வழக்கம். தூக்குகிறவன் செத்தவனின் சோடி. அதுவும் வழக்கம். செத்தவனின் பித்தளையை யாரும் துலக்கக்கூடாது, அவன் கடைசியாக விட்டபடியே இருக்க வேண்டும்... அதுவும் வழக்கம்!

ஆகவே நான்தான் தூக்கினேன். துப்பாக்கிகளைக் கவிழ்த்துப் பிடித்து, அடிமேல் அடிவைத்து எல்லோரும் நடக்க, நடுவில் நான். பலகை என் நெஞ்சு உயரத்தில். மூன்றாவது பொத்தான் என் கண்ணுக்கு நேரே. ஒரு கிழமையில் உப்பும் புளிப்பும் பித்தளையை அரித்து, ரேகை ரேகையாகப் பச்சை பூத்திருந்தது. என் பெருவிரலில் சின்ன வயதில் உளி வெட்டிய ஒரு தழும்பு குறுக்கே ஓடும். அதுகூட அப்படியே பதிந்திருந்தது. நான் நடந்தேன், அது என்னைப் பார்த்துக்கொண்டே வந்தது. அன்று என் நடையைக் கப்டன் துரை மெச்சினாராம்.

மைதான முடிவில் பூரணம் குழந்தையோடு நின்றாள். பலகையை அவளிடம் நீட்டினேன். அவள் அழவில்லை. பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்து மூன்றாவதில் நிறுத்தினாள்.

“இது அவர்ட விரலா அண்ணன்?”

அந்தக் கணத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தது. வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது, பலகையில் இருந்த தொப்பி தானாக என் பக்கம் திரும்பியது. காற்றுத்தான், எனக்குத் தெரியும்...

“ஓம்” என்றேன்.

பொத்தானில் விரல் வைத்தது முதல் குற்றம். அந்த ‘ஓம்’ இரண்டாவது. எது பெரிது என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டாவதை ஒவ்வொரு வருடமும் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன்.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா என்பீர்கள். செய்தேன். “ஒருவனுடைய பொத்தானை அழுக்காக்கினேன் சுவாமி” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். திரைக்குப் பின்னால் சுவாமியார் மெல்லச் சிரித்தார். “மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லு மகன்” என்றார். நான் சொல்லவில்லை. இதற்கு மூன்றா?

அதன் பிறகு ஒன்று நடக்கத் தொடங்கியது. என் வலது பெருவிரல் பட்ட பித்தளையெல்லாம் மறுநாள் பச்சை பூக்கும். வீட்டுக் கதவுப் பிடி, தாயின் குத்துவிளக்கு, கோயில் மெழுகுதிரித் தண்டு. பித்தளை வேலைக்காரன் ஒருவனிடம் காட்டினேன். “சில பேருக்கு உப்புக் கை ஐயா. வேர்வை அப்பிடி” என்றான். இருக்கலாம். ஆனால் மற்ற நாலு விரலுக்கும் ஏன் அந்த வேர்வை இல்லை? அவன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூலி வாங்காமல் என்னை அனுப்பிவிட்டான்.

யுத்தம் முடிந்தது. பட்டாளம் கலைந்தது. ஒவ்வொரு கார்த்திகையிலும், அவன் போன நாளில், பூரணம் எனக்கு ஆள் அனுப்புவாள். பட்டாள முறைப்படி துலக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானாம். பழப்புளியும் சாம்பலும் எடுத்துவைத்திருப்பாள். நான் நான்கு பொத்தான்களைத் துலக்குவேன். மூன்றாவதைத் தொட விடமாட்டாள்.

“அதை மட்டும் விட்டிருங்க அண்ணன். எங்களுக்கெண்டு அவர் விட்டிற்றுப் போனது அதுதான்.”

எத்தனை முறை பூரணம் அடுப்படிக்குப் போன நேரத்தில் அதைத் தேய்த்து அழித்துவிடக் கை போயிருக்கிறது! ஒருமுறை உண்மையாகவே தேய்த்தேன். சாம்பல் கறுக்கும்வரை தேய்த்தேன். துணியை எடுத்துப் பார்த்தால், சுற்றியிருந்த பித்தளை மினுங்கியது. ரேகை முன்னிலும் தெளிவாகத் தெரிந்தது.

போன கார்த்திகையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அந்தக் குழந்தைக்கு அப்போது ஆறு வயது. செல்லம் என்று கூப்பிடுகிறார்கள். அதே அகன்ற நெற்றி. நான் துலக்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் குந்தியிருந்து, தன் பெருவிரலை மூன்றாவது பொத்தானில் வைத்து வைத்துப் பார்த்தாள்.

“அப்பாட விரல் பெரிசு மாமா. என்ட விரல் இன்னும் அளவு காணாது” என்றாள்.

நான் நான்காவது பொத்தானைத் துலக்கத் தொடங்கினேன்.

“உங்கட விரல வைங்க பாப்பம்!”

“வேணாம் புள்ள. கையெல்லாம் சாம்பல்.”

அவள் விடவில்லை. என் வலது பெருவிரலைப் பிடித்தாள். அதே பிடி! இழுத்தேன், வரவில்லை. கொண்டுபோய் அந்தப் பச்சையின் மேல் வைத்தாள். அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது. அவள் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். என் விரலைத் தூக்கித் திருப்பி உளித் தழும்பைப் பார்த்தாள். பொத்தானைப் பார்த்தாள். மறுபடியும் தழும்பைப் பார்த்தாள்.

“அம்மா! இஞ்ச வந்து பாருங்க! மாமாட விரலும் அப்பாட விரலும் ஒண்டு! இந்த வெட்டும் இரிக்கு!”

பூரணம் கையைத் துடைத்தபடி வந்தாள். வாசற்படியில் நின்று மகளைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதாவது மாறியதா? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

“சோடியெண்டால் அப்பிடித்தான் மகள்” என்றாள் மெல்ல. பிறகு என்னிடம், “சோறு போட்டிரிக்கன் அண்ணன். கை கழுவிற்று வாங்க” என்றாள்.

போய் உட்கார்ந்தேன். இலையில் சோறும் மீன் குழம்பும் இருந்தன. ஓரத்தில், ஆறு வருடமாய் ஒருநாளும் அவள் எனக்கு வைக்காத ஒன்றை வைத்திருந்தாள், ஒரு துண்டுத் தேசிக்காய் ஊறுகாய்.

அவளுக்கு யாராவது சொன்னார்களா? தற்செயலா? நான் கேட்கவில்லை. எதிரே இருந்து விசிறிக்கொண்டே, கடைசிப் பருக்கைவரை நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊறுகாயையும் தின்றேன்.

எழுந்து புறப்படும்போது, “அடுத்த வருசமும் வரணும் அண்ணன்” என்றாள்.

“ஓம்” என்றேன்.

கார்த்திகை பிறக்க இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.